ரிமோட்டைக் கொடுத்த மனுஷன்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு லேப் அக்கா என்றுதான் பெயர். இயற்பியல் ஆய்வக உதவியாளர். ஒயர்களைச் சிக்கெடுப்பது, தெர்மாமீட்டரைப் போட்டு உடைக்கும் பிள்ளைகளைத் திட்டுவது, திட்டிய கையோடு இன்னொன்றை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. "கண்ணுக்கு நேரா வெச்சுப் பாருடா, மேலேர்ந்து பார்த்தா தப்பாத்தான் தெரியும்" என்று அவள் சொல்லாத நாளே கிடையாது. வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். ஊர் ஏசியையெல்லாம் ரிப்பேர் பார்ப்பவர், சொந்த வீட்டு ஏசி பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டார். எல்லா மெக்கானிக் வீட்டுக் கதையும் இதுதான், விடுங்கள்.

அந்த வீட்டில் சண்டை என்று வந்தால் அது படுக்கையறை ஏசிக்காகத்தான். அவளுக்கு வேர்க்கும், அவருக்குக் குளிரும். அவள் இறக்குவாள், அவர் ஏற்றுவார். திடீரென்று ஒருநாள் அவர் ரிமோட்டை அவள் கையில் வைத்து, "இனிமே இது உன்னோடது. எத்தனையில வேணா வெச்சுக்கோ, நான் இழுத்துப் போத்திக்கறேன்" என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டு, "எல்லா ஆம்பளைக்கும் இந்த மனசு வராதுக்கா" என்று அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள்.

ரிமோட் வந்தது, குளிர்தான் வரவில்லை. இருபத்து நாலில் வைத்தாள், வேர்த்தது. இருபதுக்கு இறக்கினாள், அப்போதும் கழுத்தடி நசநசத்தது. ஏசியின் நெற்றியில் எரியும் எண்ணோ, அறை இருபத்தொன்றுக்கு வந்துவிட்டதாகச் சொன்னது. அவர் அதைக் காட்டி, "பாரு, மெஷின் சரியாத்தான் இருக்கு. கோளாறு உன் உடம்புலதாம்மா. இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வர்றதுதான். டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றார்.

அவரேதான் கூட்டிக்கொண்டு போனார். அவள் வாயைத் திறப்பதற்குள், "இருபதுல வெச்சும் இவளுக்கு வேர்க்குது டாக்டர்" என்று அவரே சொல்லிவிட்டார். டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரையில் வாய் கசந்தது, வேர்வை நிற்கவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. ஆய்வகத்தில் புழுக்கமாக இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். பிள்ளைகளில் யாராவது "ஜன்னலத் திறக்கவா அக்கா?" என்று கேட்கட்டும் என்று காத்திருப்பாள். தன் தோல் சொல்வதையே நம்ப முடியாமல் போனவள் வேறென்ன செய்வாள்? "எனக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா" என்று போனில் அழுதாள்.

ஒரு சனிக்கிழமை, ஆய்வகத் தெர்மாமீட்டர் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கெட்டது தன் உடம்புதான் என்று கண்ணால் பார்த்துவிட்டால் மனசு ஒரு நிலைக்கு வரும் என்று நினைத்தாள். ஏசி இருபத்தொன்று என்றது. பாதரசம் இருபத்தேழில் நின்றது. கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தாள். இருபத்தேழேதான்.

சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடம்பு பழுதில்லை, ஏசியின் சென்சார்தான் பழுது! பாவம், மனுஷனுக்கு ஊர் வேலைக்கே நேரமில்லை, நாமே கண்டுபிடித்து அவரை அசத்துவோம் என்று அவருடைய மல்டிமீட்டரை எடுத்தாள். மெயினை அணைத்து, மூடியைத் தூக்கி, தூசி வலையை உருவினாள். மெல்லிய ஒயரின் நுனியில் மிளகளவு தலையோடு சென்சார் தொங்கியது. அதன் பிளக்கைப் பிடுங்கி மீட்டரை வைத்தாள். இந்த மாதிரி சென்சாரில் குளிரக் குளிர மீட்டரில் மின்தடையின் எண் ஏறும், சூடேறினால் இறங்கும். உள்ளங்கையில் பொத்திப் பிடித்தாள். எண் மளமளவென்று இறங்கியது. செத்த சென்சார் இப்படி இறங்காதே?

ஹாலில் இருந்ததும் அதே மாடல்தான். அதன் சென்சாரையும் கழற்றி, இரண்டையும் ஒரே டம்ளர் ஐஸ் தண்ணீரில் விட்டாள். படுக்கையறைக்காரன் தடையைக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினான். வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டாள். அப்போதும் அதே அளவு கூடுதல். கெட்டுப்போன சென்சார் இஷ்டத்துக்கு உளறும், குளிரிலும் சூட்டிலும் இப்படி ஒரே அளவாகக் கூட்டிச் சொல்லாது. அப்படியானால் நடுவில் வேறெதுவோ உட்கார்ந்து கூட்டுகிறது.

ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். பிளக்குக்குப் பக்கத்தில் கறுப்பு உறை லேசாகப் புடைத்திருந்தது. பிளேடால் கீறினாள். உள்ளே அரிசி அளவில் ஒரு ரெசிஸ்டர். தடையைக் கூட்டிக் காட்டி, அறை குளிர்ந்துவிட்டது என்று மெஷினை நம்பவைக்கும் துண்டு. பற்றவைத்த இடம் அத்தனை சுத்தமாக இருந்தது. அந்தக் கைவேலையை அவளுக்குத் தெரியாதா? சென்சார் பாவம், உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அவர் வந்து பையை வைப்பதற்குள் கையை நீட்டினாள். "இது என்னங்க?"

அவர் முகம் வெளுத்தது. பிறகு சிரித்து மழுப்பப் பார்த்தார். "அட, கண்டுபிடிச்சிட்டியா? தெனமும் சண்டை வேணாமேன்னுதாம்மா. குளிர்ல முட்டி தாங்கல எனக்கு."

"முட்டி வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏசியையே நிறுத்தியிருப்பேனே."

"சரி விடு, அதான் எடுத்துட்டியே. அப்படியே இருக்கட்டும்."

"இதப் போட்டதக்கூட விட்டுடறேங்க. டாக்டர் ரூம்ல என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, இருபதுலயும் வேர்க்குதுன்னு சொன்னீங்களே, அத எப்படி விடறது? மாத்திரை எழுதினப்ப தலையாட்டினீங்க. ராத்திரியானா தண்ணி கொண்டாந்து குடுத்தீங்க. எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகுதோன்னு பயந்து செத்துக்கிட்டிருந்தேன், அதையும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஒரு தடவ சொல்லிட்டேன். அப்புறம் அப்படியே இழுத்துட்டுப் போயிடுச்சும்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அவள் எழுந்து அவருக்கு நேராக வந்து நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்னை இப்படி நம்ப வெச்சது இது ஒண்ணுதானா?"

ஒண்ணுதாம்மா என்று உடனே சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த மனிதர் யோசித்தார்.