பீலியில குளிச்சிட்டு வா

சந்தனம் மாமா போய்விட்டார். இரத்தினபுரியில், மகனுடைய வாடகை அறையில்... நேற்றுக் காலை மெசேஜ் வந்தது.

றக்வானைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராக்காரர். ஃபேக்டரியில் வேலை. எங்கள் லயத்தில் சிங்களத்தை வேகமாக வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள்.

அது ஏன் முக்கியம் என்றால், அப்போது டிவியில் ஹிந்திப் படம் போட்டால் கீழே சிங்களத்தில்தான் எழுத்து ஓடும். மாமா டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அதை வாசித்து வாசித்து எங்களுக்குத் தமிழில் சொல்வார். அப்பாவுக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல்...

ஒரு பழைய குடும்பக் காமெடி. பெரிய வீடு, கோபக்கார அப்பா, பொய்யாகவே சொல்லித் திரியும் பிள்ளைகள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது போடுவார்கள். அந்த அப்பா கத்தும்போதெல்லாம் மாமா சொல்வார்:

"போய் பீலியில குளிச்சிட்டு வாடா."

லயமே சிரிக்கும். பம்பாய் பங்களாவில் ஏது மலையிலிருந்து தண்ணீர் கொட்டும் பீலி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வீட்டில் சண்டை வந்தால்கூட நாங்கள் அதைத்தான் சொல்லிக்கொள்வோம், பாதிச் சண்டை அதிலேயே முடிந்துவிடும்.

ஸ்கூலில் சிங்களம் படித்த பிறகுதான் பார்த்தேன். அந்த இடத்தில் "கெதரின் பலயன்" என்று ஓடுகிறது. வீட்டை விட்டு வெளியே போ.

மாமாவிடம் கேட்டேன். "அதெல்லாம் லயத்துல சொல்லக்கூடாத பேச்சு புள்ள" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் படத்தை இப்போதும் ஃபோனில் பார்க்கிறேன், என் மகளுக்கும் பிடிக்கும். வெளியே போ என்று அப்பா எத்தனை தரம் கத்தினாலும் யாரும் போவதில்லை. அடுத்த சீனில் எல்லாரும் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

தோட்டத்தில் அப்படி இல்லை. செக்ரோலில், அந்த வேலையாள் பதிவேட்டில், பேர் இருந்தால்தான் குடியிருக்கக் காம்பரா. மாமா ரிட்டையர் ஆகிவிட்டார், மாமி முழங்கால் வலியால் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்திவிட்டார், மகனுக்கு டவுனில் வேலை.

போன வருஷம் சின்னதுரை, அதாவது தோட்டத்து உதவி மேனேஜர், வந்தார். நான் அன்று அங்கேதான் இருந்தேன். பைக்கை விட்டு இறங்கக்கூட இல்லை... வேலைக்கு வருகிறவர்களுக்குக் காம்பரா வேண்டும், காலி பண்ணுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

மாமி உள்ளேயிருந்து, என்னவாம் என்று கேட்டார். வாசிக்கத் தெரியாதே தவிர, பேச்சுச் சிங்களம் மாமிக்கு நன்றாகத் தெரியும். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

"பீலியில குளிச்சிட்டு வரச் சொல்றாரு" என்றார் மாமா.

மாமி துண்டை எடுத்து வந்து கொடுத்தார். மாமா அதைத் தோளில் போட்டுக்கொண்டு பீலிப் பக்கம் நடந்தார்.

இப்போது தோட்டத்து க்ரூப்பில் வரிசையாக RIP... தோட்டத்து ஆபீஸிலிருந்து மலர்வளையம் வேறு. உயிரோடு இருந்தவருக்கு ஒரு காம்பரா விட்டுவைக்க மனசில்லை, பூவுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. நல்லா இருங்க.

உடம்பையாவது லயத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து எடுக்கலாமா என்று மாமாவின் மகன் ஆபீஸில் கேட்டிருக்கிறான். இப்போது அங்கே வேறு ஆட்கள், பிரச்சினை வேண்டாம் என்று பதில் வந்ததாம்.

இன்று மத்தியானம் வாடகை அறைக்குப் பின்னால், பைப்பில் பிடித்த தண்ணீரில் மாமாவைக் குளிப்பாட்டினார்கள். மாமி கையில் துண்டோடு நின்றார்.

போய்ட்டு வாங்க மாமா... பீலியில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.