வேப்பம்பலகை பிளந்த பங்குனி

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். பஞ்சர் கடை, பெயின்ட், கேட்டரிங் என்று திரிந்துவிட்டு நூம்பலில் ஒரு தச்சுப் பட்டறையில் வந்து ஒதுங்கினேன். படுக்கை இழைப்புச் சுருள் மூட்டைகள்மேல். மழைக்குக் கூரை ஒழுகும். ஆனாலும் அதிக நாள் நான் தங்கிய இடம் அதுதான்.

பட்டறை நின்ற மனையைச் சொந்தக்காரர் விற்கப்போகிறார் என்று தெரிந்தது. வேறு இடம் பிடிக்க, பட்டறையை நடத்திய மேஸ்திரிக்கு ஒரு பெரிய வேலை தேவைப்பட்டது. காட்டுப்பாக்கத்தில் வீடு கட்டிய ஒரு கம்ப்யூட்டர்காரர் வந்தார். மனையில் நின்ற வேப்பமரத்தை மழைக்குச் சற்று முன்னால்தான் வெட்டியிருந்தார். வெட்டிய பாவம் தீர அது வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று அவர் மனைவிக்குப் பிடிவாதம். தை மாதம் கிரகப்பிரவேசத்துக்குச் சாப்பாட்டு மேசை. அது நன்றாக அமைந்தால் அவர் தம்பி திறக்கும் மெஸ்ஸுக்கு எல்லா மேசையும் நாங்கள்தான்.

"பச்ச மரம் சார். ஒரு கோடை காயணும்."

"முகூர்த்தம் காத்திருக்குமா மேஸ்திரி?"

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "இன்னா பாத்துகினு கீற? அறுடா."

மழையில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். அதற்காகச் சட்டத்தில் திருகாணித் துளையை நீளமாக விட்டு, பலகை நகர இடம் கொடுப்போம். இதற்கும் கொடுத்தோம். விழாவுக்கு முந்தின நாள் பலகை லேசாக அசைந்தது. ஆடும் மேசையில் முதல் இலை போடமாட்டேன் என்றார் அந்த அம்மா. மேஸ்திரி துளைகளில் பசையும் மரத்தூளும் அடைத்து இறுக்கிவிட்டார். அப்புறம் ஆடவில்லை. தம்பி தட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

பங்குனியில் கூப்பிட்டார்கள். ஏசி ஓடும் ஹாலில் மேசை நடுவே நீளமாகப் பிளந்திருந்தது. நாணயம் நுழையும் அளவு.

"வெடி மாதிரி சத்தம். பசங்க அலறிட்டாங்க," என்றார் அந்த அம்மா.

"மழ வந்தா தானா மூடிக்கும்மா," என்றார் மேஸ்திரி.

"அதுவரைக்கும் சாம்பாரை மடியில வாங்கிக்கவா?" என்று சிரித்தார் தம்பி. மெஸ்ஸுக்கு இரும்பு மேசை போட்டுக்கொண்டார்.

சித்திரையில் பட்டறையை இடித்தார்கள். மேஸ்திரி ஆவடியில் மகள் வீட்டுக்குப் போனார்.

"நீ எங்கடா போவ?"

"பாத்துக்கறேன் நைனா."

ஐப்பசி மழையில், டெலிவரி வேலையாகச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்க அதே வீட்டுக்குப் போனேன். கார் நிறுத்தும் இடத்தில் மேசை கிடந்தது, மேலே பெயின்ட் டப்பாக்கள். பிளவு இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும். நகத்தை வைத்துப் பார்த்தேன், இறங்கவில்லை. மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அந்த எண் இப்போது இல்லையாம். கதவைத் திறந்த அம்மாவுக்கு ஹெல்மெட்டுக்குள் என்னைத் தெரியவில்லை.

"பார்சல் நனஞ்சிருக்கே," என்றார்.

வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.