மணி என்று கூப்பிட்டேன்

பழனிக்குப் பாதயாத்திரை போக மாலை போட்டதும், எங்கள் நாய் மணியையும் தினமும் ஸ்ரீரங்கம் வரை நடத்திப் பழக்கினேன்.

"விரதத்துல தோல் ஆகாதுங்க. செருப்பையே விட்டுட்டோமே," என்று என் மனைவி அதன் கழுத்துப் பட்டையைக் கழற்றினாள். முனிசிபாலிட்டி லைசென்ஸ் வில்லை அந்தப் பட்டையில்தான் இருந்தது. இருவருமே யோசிக்கவில்லை.

மறுநாள் காலை, தெருநாய் என்று மணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வில்லையோடு முனிசிபாலிட்டி நாய்ப்பட்டிக்கு ஓடினேன்.

"உங்க நாயைக் கூப்பிடுங்க. மத்ததெல்லாம் நாளைக்கு இருக்காது," என்றார் காவலாளி.

"மணி!" என்றேன். கூண்டிலிருந்த அத்தனை நாய்களும் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து நின்றன.

ஒன்றைத்தான் கூட்டிவந்தேன்.

இப்போது வில்லையை நூல் கயிற்றில் கட்டியிருக்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். தொடையைத் தட்டுகிறேன், வந்துவிடுகிறது.