மிஷினுக்கு நான் வைத்த சந்தனம்

போன வருடம் ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய முதல் நாள். விராலிமலைப் பக்கம் பொருட்களைச் சோதித்துச் சான்று தரும் ஆய்வுக்கூடம் எங்களுடையது. இன்னதென்று தெரியாத துணுக்கை அகச்சிவப்புக் கதிர் மிஷினில் வைத்து, மேலிருந்து திருகால் அழுத்தினால், திரையில் கோடு ஓடி அது என்ன பொருள் என்று வந்துவிடும். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது இருபது வருடமாக என் உத்தியோகம்.

சாயங்காலம் நாலரை. குவிந்து கிடந்த மாதிரிகளைப் பார்த்துப் பார்த்து இடுப்பே கழன்றிருந்தது. கடைசியாக ஓர் ஊறுகாய் கம்பெனி சூப்பர்வைசர், பாக்கெட்டுக்குள் கிடந்த வெள்ளைப் பிசிறுகளோடு வந்தார். பேக்கிங் செய்த பெண்மணியையும் கூட்டி வந்திருந்தார். அந்தம்மா மேலிருந்து ஏதோ உதிர்ந்தது என்று உறுதியானால் அவர் வேலை போய்விடும்.

மிஷின், மரத்தூளும் களிமண்ணும் ஒட்டியிருப்பதாகக் காட்டியது.

“சந்தனம் சார்! மட்டச் சந்தனத்துல இதத்தானே கலக்குறாய்ங்க? பூஜையன்னிக்குப் பொட்டோட வந்து நின்னிருக்கு இந்தம்மா,” என்றார் சூப்பர்வைசர்.

எனக்கோ ஐந்து மணி பஸ். மேதை மாதிரி தலையாட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தேன்.

அந்தம்மா அழவில்லை. மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாங்க வேதக்காரவுங்க சார், சர்ச்சுக்குப் போறவுங்க, பொட்டே வைக்கிறதில்ல. ஒங்க மிஷின்தான் மூஞ்சி பூரா வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு. அதக் கேளுங்க.”

சூப்பர்வைசர் சிரித்தார். நான் பேனாவை மூடினேன். பூஜையன்று மிஷினுக்குப் பொட்டு வைத்தவன் நான். திருகு மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதன் நுனியிலும் அப்பியவன் நானேதான். காலையிலிருந்து துணுக்கு வைக்கும் இடத்தைத் துடைத்தேனே தவிர, நுனியைத் தொடவில்லை.

துணுக்கு எதுவும் வைக்காமல் வெறும் திருகை அழுத்திப் பார்த்தேன். மரத்தூள், களிமண்! ஏசி அறையில் சட்டை நனைந்தது. பதறிப்போய்க் கைக்குக் கிடைத்ததை எடுத்துத் துடைக்கப் போனேன்.

“சார், அது வடை பேப்பரு!” என்று பஞ்சை எடுத்துக் கொடுத்தது அந்தம்மாதான்.

துடைத்துவிட்டு வேறொரு பிசிறை வைத்தேன். பாலித்தீன். பாக்கெட்டின் ஓரத்தைக் கத்தரித்து வைத்தேன், அதே கோடு. பாக்கெட் வெட்டும் பிளேடு மழுங்கி உதிர்த்த பிசிறு அது. பிளேடை மாற்ற வேண்டியவர் சூப்பர்வைசர். அவர் இப்போது சிரிக்கவில்லை.

“தப்பு என்னோடதும்மா,” என்றேன்.

“இன்னிக்கு இன்னும் எத்தன பேருக்குச் சந்தனம் பூசுனீங்களோ, அதப் பாருங்க சார்.”

பஸ் போய்விட்டது. அன்றைய மாதிரிகள் அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

இந்த வருடப் பூஜையில் மேஜைக் காலுக்கு மட்டும்தான் பொட்டு. கையெழுத்துப் போடுமுன் இன்றும் வெறும் திருகை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன். அதில் என் அவசரம் ஒட்டியிருந்தால், பாவம், அது யார் நெற்றியிலோ போய் உட்கார்ந்துவிடும்.