தோஸ்திடம் கேட்ட ஓடிபி

என் தோஸ்து சமூக வலைத்தளத்தில் போடும் படங்களை ஊரிலேயே முதலில் பார்ப்பவன் நான்தான். ஒன்றுக்குக்கூட லைக் போட்டதில்லை. கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் நிற்பான். கண்ணாடி அறையில் வெள்ளைப் பலகை முன்னால் கை கட்டி நிற்பான். கீழே நூறு பேர் வாழ்த்துவார்கள். பெயருக்குக் கீழே 'நிறுவனர்' என்று வேறு. திருவொற்றியூரில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்குப் பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதியவன் அவன்.

அவன் நிறுவிய கதையைச் சொல்கிறேன். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும். என் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் வரிசை எதுவரை வந்திருக்கிறது என்று தெரியும். நான் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். வண்டியை எப்போது கிளப்பலாம் என்று டிரைவர்கள் கேட்டு உயிரை எடுப்பார்கள். அதனால் தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே மாடியிலிருந்து ஒரு படம் எடுத்து அவர்கள் குரூப்பில் போடுவேன். பல வருடம் போட்டேன். அதைத்தான் என் தோஸ்து ஆப் ஆக்கினான். இப்போது வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடு ஓடுகிறது. டிரைவர்கள் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

இந்த ஸ்டார்ட்அப்காரர்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. ஊரில் எவனோ சும்மா செய்துகொண்டிருப்பதை எடுத்து, அதற்கு ஒரு லோகோ போடுவார்கள். அப்புறம் தாங்களே கண்டுபிடித்த மாதிரி அரை மணி நேரம் பேசுவார்கள். இதை என் மனைவியிடம் அடிக்கடி சொல்வேன்.

"அப்ப நீ போட்டிருக்க வேண்டியதுதான லோகோ? எவன் வாணான்னான்?" என்றாள் ஒரு நாள். அதற்குமேல் அவளிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் புதிதாக ஒரு பதிவு போட்டான். 'ஒரு மொட்டை மாடியில் பிறந்த யோசனை' என்று ஆரம்பித்தது. யாருடைய மாடி என்று கடைசிவரை எழுதவில்லை. வயிறு எரிந்தது எனக்கு. ஆப் வருவதற்கு முன்னால் நான் எடுத்த படங்களைத் தேதியோடு அவன் பதிவுக்குக் கீழே போட்டு, 'இது யார் மாடி நைனா?' என்று ஒரே ஒரு வரி கேட்பது என்று முடிவு செய்தேன். வாழ்த்திய நூறு பேரும் பார்க்கட்டும்.

படங்கள் போனில் இல்லை. இடையில் போனை மாற்றியிருந்தேன், ஐடியும் வேறு. பழையதெல்லாம் பழைய ஐடியின் கிளவுடில் கிடந்தது. எனக்கு இந்தக் கிளவுட் மேல் என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. அடுத்தவன் யார்டில் சரக்கை இறக்கினால் கேட் பாஸ் அவன் கையில் என்பது தெரிந்த ஆள் நான். பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. ஓடிபி அனுப்புகிறோம் என்றது. அது போன எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தேன். அவனுடைய நம்பர்.

எங்கள் தெருவில் பாதிப் பேர் கதை இதுதான். முதல் முதலாக ஸ்மார்ட்போன் வாங்கியதும் அவனிடம் கொடுத்து, 'எல்லாம் போட்டுக் குடு' என்போம். அவன் தன் நம்பரையே போட்டு ஐடி திறந்து கொடுத்துவிடுவான். மாற்றிக்கொள்ளச் சொல்லுவான், நாங்கள் மாற்ற மாட்டோம்.

அவனைக் கவிழ்க்க அவனிடமே ஓடிபி கேட்க வேண்டும். போன் போட்டுக் கேட்டேன்.

"இன்னா மாமு, காலைலயே."

"உனக்கு ஒரு நம்பர் வந்துருக்கும். சொல்லு."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஆறு இலக்கங்களையும் நிதானமாக இரண்டு தடவை சொன்னான்.

திறந்தது. படங்கள் நாள் வாரியாக அப்படியே இருந்தன. எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அவற்றுக்கு நடுவில் ஒரு வீடியோவும் இருந்தது. தொட்டேன். வரிசையை மெதுவாகக் காட்டியது. பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது: "மாமு, நீ டெய்லி எடுக்கிறியே, இத ஒரு ஆப்பா போடலாமா? நீயும் நானும் சேந்து."

அடுத்து என் சிரிப்பு. "போடா டேய். லாரி நிக்கிறத எவன் போன்ல பாப்பான்? வா, நாஷ்டா துன்லாம்."

அப்படிப் பேசியது எனக்கு ஞாபகமே இல்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் நான்தான் சிரித்தேன்.

பத்து நிமிடம் கழித்து அவனே கூப்பிட்டான். "கெட்ச்சுதா?"

"கெட்ச்சுது."

"அந்த வீடியோவும் பாத்தியா? அந்த ஐடி என் பழைய போன்ல இன்னும் தொறந்துதான் கீது மாமு."

"மாடி என்னுதுன்னு ஏன் எய்தல?" என்று கேட்டுவிட்டேன்.

"எய்திருப்பேன். அப்ப அவுரு ஏன் உங்கூட சேரலன்னு கேப்பாங்க. நீ சிரிச்சத சொல்லணும். அதான் வுட்டுட்டேன்."

போனை வைத்ததும் வீடியோவை அழிக்க விரல் போனது. அழித்தால் அவன் போனிலும் காணாமல் போகும், அவனுக்குத் தெரிந்துவிடும். விட்டுவிட்டேன். அதுவரை அவன் கம்பெனி மேல் மட்டும்தான் எனக்குப் பொறாமை. இப்போது அவன் குணத்தின் மேலும் பொறாமையாக இருக்கிறது. அந்தப் பதிவுக்கு இன்றுவரை லைக் போடவில்லை.