உள்ளே பிதுங்கியது

லாரியை அணைக்காமல் ஓடவிட்டபடியே அந்த டிரைவர் எங்கள் பட்டறைக்குள் வந்தார். நான் முதலில் கவனித்தது அதைத்தான். அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கொல்லிமலை ஏத்தத்துல ராமசாமி வண்டி இன்ஜின் ஜாம் ஆயி நின்னுபோச்சுங்க. சக்கரத்துக்குக் கல்லு வெக்க இறங்குனாரு. வண்டி பின்னால உருண்டு அவரு மேலயே ஏறிருச்சு. ஆளு போயிட்டாருங்க."

வாசலில் அவர் வண்டி உறுமிக்கொண்டே இருந்தது.

ராமசாமி மாமா என் அத்தையின் கணவர். நாமக்கல் லாரிக்காரர்கள் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எதையும் அளவாகச் செய்யத் தெரியாதவர். ஒருவர் டீ கேட்டால் பட்டறைக்கே வாங்கி வருவார். நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டபோது ஆளாளுக்குத் திட்டினார்கள். மாமா மட்டும், எங்கள் பக்கத்துச் செல்ல அழைப்பில், "சாமி ஊட்ல இருந்தா நமக்கு நல்ல காப்பி கெடைக்கும், உடுங்க," என்று சிரித்து என்னைக் காப்பாற்றினார்.

கடைசியாக அவர் வந்த அன்று, இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் சம்பைக் கழற்றி அப்பா துடைத்து வைத்திருந்தார். எண்ணெய் கசியாமல் விளிம்பை ஒட்டும் பேஸ்ட் டியூபை மாமா பிடுங்கிக்கொண்டார். தன் வண்டியில் தன் கையும் பட வேண்டும் என்பார். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடாக வைக்க வேண்டியதை விரல் தடிமனுக்குப் பிதுக்கினார்.

"என்னுங்க மாப்ள, இட்லிக்குச் சட்னியா ஊத்தறீங்க?" என்றார் அப்பா.

"கஞ்சத்தனம் பண்ணுனா ஒழுகுமுங்க மச்சான்."

போல்ட்டுகளை முடுக்கியதும் வெளியே வழிந்ததை மாமா அழகாக வழித்தெடுத்தார். அப்பா சிரிக்கவில்லை.

"வெளிய பிதுங்குனது தெரியுது. உள்ள பிதுங்குனது உதுந்து எண்ணெய்ச் சல்லடைய அடச்சுதுன்னா, இன்ஜின் அங்கயே செத்துரும். மறுக்காக் கழட்டறேன்."

மாமா கேட்கவில்லை. மலையில் மரவள்ளி லோடு காத்திருந்தது. பேஸ்ட் காயவும் விடாமல் எண்ணெய் ஊற்றிக் கிளப்பினார். "வாரேன் சாமி," என்று என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். போய் வாருங்கள் மாமா என்று இப்போதுதான் எழுதுகிறேன்.

காரியம் முடிந்த பிறகு வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். அத்தை பார்க்க வேண்டும் என்றதால் அப்பா சம்பைக் கழற்றினார். சல்லடை முழுக்கப் பேஸ்ட்டின் சாம்பல் நிறத் துணுக்குகள். அத்தை குனிந்து அவற்றையே பார்த்தார்.

"இதத் தடவுனது யாருண்ணா?"

அப்பா வெகுநேரம் கையைத் துடைத்தார். "நாந்தான் சாமி."

அத்தை பின்னால் நகர்ந்தார். "இனி உங்க ஊட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். "இல்லீங்க அத்தை. மாமாதானுங்க," என்றேன்.