கத்திரி படக் கூடாத யூனிஃபார்ம்

என் அத்தை, அப்பாவின் அக்கா, ராணுவத்தில் நர்ஸாக இருந்தவர். வங்கதேசப் போரின்போது எல்லையோர ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று திருச்சி மேலப்புதூரில் எங்களோடு வந்து தங்கிய பிறகு, படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் வீட்டில் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி விசாரிப்பார். அப்பாவுக்கும் விலக்கு கிடையாது.

அவருடைய டிரங்குப் பெட்டியில் அந்தப் போர்க்கால யூனிஃபார்ம் இருந்தது. வெள்ளை கவுன், தோளில் இரண்டு நட்சத்திரம். அவ்வப்போது வெயில் காட்டி, பூச்சி உருண்டை போட்டு மடித்து வைப்பார்.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் மாறுவேடப் போட்டி வந்தது. என் வகுப்பில் மட்டும் ஐந்து நர்ஸுகள். நானோ, அசல் போர் யூனிஃபார்மில் வரப்போவதாகப் பள்ளி முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு, அதன் பிறகுதான் அத்தையிடம் கேட்டேன்.

"போட்டுக்கோடி. ஆனா கத்திரி படக் கூடாது" என்றார்.

போட்டுப் பார்த்தால் பாதிக் கவுன் தரையைப் பெருக்கியது. மடித்துத் தைக்கலாமா என்றால், ஊசியும் படக் கூடாதாம். "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்ச கதைதான்" என்று அப்பா சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டதே!

சனிக்கிழமை, அத்தை கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கவுனைப் பைக்குள் திணித்துக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே இருந்த எங்கள் தையல்காரரிடம் போனேன். அத்தைதான் குறைக்கச் சொன்னார் என்று கூசாமல் பொய் சொன்னேன். அவர் சாக்பீஸால் கோடு போட்டார், கத்திரியை எடுத்தார், பிறகு என்ன நினைத்தாரோ, தோளை இரண்டு முறை அளந்தார்.

"பாப்பா, உங்க அத்தைக்கு நான்தான் ரவிக்கை தைக்கிறேன். இது அவங்க அளவே இல்லையே. நல்ல உயரமான பொம்பளைக்குத் தச்சதுல்ல இது? எதுக்கும் அவங்களைக் கையோட கூட்டிட்டு வாங்க."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாருடைய உடுப்பையோ வைத்துக்கொண்டா இவ்வளவு அதிகாரம்? நான் செய்த திருட்டை மறந்து வீட்டுக்கு ஓடினேன். அத்தை அப்போதுதான் திரும்பியிருந்தார். "இது உங்களுது இல்லையாமே!" என்று எல்லோர் முன்னாலும் கவுனை நீட்டினேன்.

அத்தை கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். போர் முடிந்து, ஆஸ்பத்திரியைக் காலி செய்த அவசரத்தில், டோபி சலவை மூட்டைகளை மாற்றிக் கொடுத்துவிட்டானாம். ஒரே கூடாரத்தில் தங்கியிருந்த கோட்டயத்துத் தோழியின் கவுன் திருச்சிக்கு வந்தது. அத்தையுடையது கோட்டயம் போனது.

"என்னோடதப் போட்டா அவளுக்கு முட்டிகூட மறையாது. அடுத்தவ பொருள்டி, அதுல கத்திரி வைக்கலாமா?" என்று சொல்லிவிட்டு, அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். என் காது அன்று முழுக்கச் சிவந்திருந்தது.

ஆனாலும் போட்டியன்று அத்தைதான் என்னை அலங்கரித்தார். கவுனை இடுப்புக்கு மேலே சுருக்கி, பாண்டேஜ் துணியால் கட்டினார். ஊசியே படவில்லை. இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு, நடுவர்களுக்கு நிஜ முறுக்கு கொடுத்த முறுக்குக்காரிக்கு.

அன்று மாலை, கவுனை மடித்துக்கொண்டிருந்த அத்தையிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். கோட்டயத்திலிருந்து வருடம் தவறாமல் கிறிஸ்துமஸ் வாழ்த்து வருகிறது, அதில் விலாசமும் இருக்கிறது. "பார்சல்ல அனுப்பிடலாமே அத்தை?"

"பார்சல்லாம் வழியில தொலைஞ்சு போயிடும். அவளே வந்து வாங்கிக்கட்டும். அவளும்தான் என்னோடத அனுப்பலையே."

போருக்கே போய் வந்தவருக்குப் பதிவுத் தபால் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டு, அது எப்படி என்று பொறுமையாக விளக்கினேன். அத்தையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இரண்டு கவுன்களும் உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டால், அந்த இரண்டு பெண்களுக்கும் ஒருவரையொருவர் பார்க்கப் போக ஒரு சாக்கு இல்லாமல் போய்விடும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.